நாலு முடிந்து ஏழு வரை: நர்சம்மாவிடம் கேளுங்கள்

வாந்தி நின்று, பசி திரும்பி, வயிறு இன்னும் பாரமாகாத கர்ப்ப மாதங்கள் இவை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று செக்கப்பைத் தள்ளிப்போடுவதும் இந்த மாதங்களில்தான். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க இதைப் பார்த்தேன். சர்க்கரை, ரத்தசோகை, பிரஷர் மூன்றுமே இப்போதுதான் சத்தமில்லாமல் நுழையும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மாமியார் ஐந்தாம் மாதம் என்கிறார். ரிப்போர்ட்டில் 19 வாரம் என்று இருக்கிறது. ஸ்கேனை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா? (தஞ்சாவூர்)

இரண்டு கணக்கும் ஒன்றுதான் தங்கச்சி. கடைசி மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து வாரத்தை எண்ணுவார்கள். 19 வாரம் என்றால் நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. ஆனால் ஸ்கேனைத் தள்ளாதீர்கள். குழந்தையின் முதுகுத்தண்டு, இதயத்தின் நாலு அறை, சிறுநீரகம், உதடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் இது. 18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. ஏதாவது குறை தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை பார்க்கவும், குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுக்கவும் நாள் வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தில் வாரக் கணக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் இதில்தான் தெரியும். கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தால் உடனே பயப்படாதீர்கள். கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலும் மேலே ஏறிவிடும், பின்னால் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

அதே ஸ்கேனில் பையனா பொண்ணா என்று கேட்டால் சொல்வார்களா சிஸ்டர்? (ஒரு கணவர்)

சொல்லக் கூடாது தம்பி. 1994-ம் வருடச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

சர்க்கரை டெஸ்ட் என்று தித்திப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. மூன்றாம் மாதமே பார்த்தாயிற்று. திரும்ப எதற்கு? (விழுப்புரம், சேலம், இன்னும் பலர்)

அதிகம் வந்த கேள்வி இது. 24 வாரத்துக்கு மேல் நச்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. அதனால் மூன்றாம் மாதம் நார்மலாக இருந்தவருக்கும் ஆறாம் மாதம் ஏறலாம். தாகம், மயக்கம் என்று எந்த அறிகுறியும் இருக்காது. டெஸ்ட் செய்தால்தான் தெரியும். 24-லிருந்து 28 வாரத்துக்குள் கட்டாயம்.

அரசு ஆஸ்பத்திரியில் செய்யும் முறைக்கு வெறும் வயிறு வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஒரே மடக்காகக் குடித்தால் குமட்டும், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் கூடாது. மெதுவாக, விடாமல் குடியுங்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். இடையில் டீ, பிஸ்கட், கடைக்கு ஒரு நடை எதுவும் கூடாது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் செய்ய வேண்டியிருக்கும். மறைத்தால் ரிசல்ட் தப்பாக வரும்.

140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பார்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் நிற்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ. இன்சுலின் குழந்தைக்குப் போய்விடுமோ என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். அது நச்சுக்கொடியைத் தாண்டாது, தாண்டிப் போவது சர்க்கரைதான். குழந்தை அளவுக்கு மீறிப் பருப்பதும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை இறங்குவதும் அதனால்தான்.

இரும்புச் சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, கட்டிக்கொள்கிறது. கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டால் போதாதா அக்கா? (திருநெல்வேலி)

போதாது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கர்ப்பத்தில் தேவைப்படும் இரும்பைச் சாப்பாட்டால் மட்டும் எட்டிப் பிடிப்பது நம் ஊர்ப் பெண்களுக்குக் கஷ்டம். கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், பயம் வேண்டாம். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பலர் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கூடவே டீ குடிப்பார்கள். பாதிச் சத்து அதிலேயே போய்விடும். இரவுச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் கழித்து, எலுமிச்சைச் சாறோடு போட்டுப் பாருங்கள், ஒரு துண்டு நெல்லிக்காயும் சரிதான். கால்சியம் மாத்திரையைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், வாழைத்தண்டு, கொய்யா, மாலையில் ஒரு நடை.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைக் கணக்கு. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏறாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு ஊசி இருக்கிறது. குடற்புழு மாத்திரை ஒன்று கொடுப்பார்கள், அதையும் ஒதுக்காதீர்கள். புழு இருந்தால் எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் நிற்காது.

இருபது வாரம் ஆகியும் அசைவே தெரியவில்லை. என் அக்காவுக்கு நாலாம் மாதமே தெரிந்ததாம். (காரைக்குடி)

அக்காவுக்கு அது இரண்டாவது குழந்தையாக இருக்கும். தலைப்பிரசவத்தில் 18-லிருந்து 20 வாரம், சிலருக்கு 22 கூட ஆகும். நச்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் இன்னும் தாமதம். முதலில் உதை மாதிரி இருக்காது, வாயு ஓடுகிற மாதிரிதான் இருக்கும். 24 வாரம் வரை ஒன்றுமே தெரியாவிட்டால் போய்க் காட்டுங்கள். தெரிந்துகொண்டிருந்த அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். ரத்தமோ நீரோ கசிந்தாலும், விடாத தலைவலியோடு கண் மங்கினாலும், முகம் வீங்கினாலும் அப்படியே, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருமகள் ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். குங்குமப்பூவும் வேண்டாமாம். (மதுரை, ஒரு மாமியார்)

அம்மா, மருமகள் பக்கம்தான் நான். ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவை 350 கலோரி அளவுதான். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், முடிந்தது. அளவைவிட என்ன சாப்பிடுகிறாள் என்று பாருங்கள்: தினம் ஒரு முட்டை, சுண்டல், பருப்பு, கேழ்வரகு. குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காசுக்கு மாதம் முழுக்க முட்டை வாங்கலாம். பப்பாளி காயாக வேண்டாம், நன்றாகப் பழுத்தது கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

மீன் சாப்பிடலாமா? (தூத்துக்குடி)

தாராளமாக. மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன் நல்லது. சுறா மட்டும் இப்போது வேண்டாம், பாதரசம் சேர்ந்திருக்கும்.

எனக்கு ஓ நெகட்டிவ், அவருக்குப் பாசிட்டிவ். (கோவை)

ஏழாம் மாதத் தொடக்கத்தில், அதாவது 28 வாரத்தில், குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்தை உங்கள் உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி டாக்டரிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி. இது அடுத்த குழந்தைக்கான பாதுகாப்பும்கூட. நடுவில் ரத்தக் கசிவு வந்தால் அப்போதும் சொல்ல வேண்டும்.

பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. சூப்பர்வைசர் ஸ்டூல் தரமாட்டேன் என்கிறார். (திருப்பூர்)

டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி ஆபீஸில் கொடுங்கள், வாய்ச்சொல்லைவிட அது எடுபடும். கால் வீக்கத்துக்குச் சாயங்காலம் கால்களைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். பாத்ரூம் போகக் கேட்கச் சங்கடப்பட்டு அடக்கிக்கொண்டிருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. சிறுநீர்த் தொற்று கர்ப்பத்தில் சீக்கிரம் சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவத்திலும் கொண்டுவிடும். மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இ.எஸ்.ஐ. இருந்தால் சம்பளப் பணம் அங்கிருந்து வரும்.

மல்லாந்து படுத்துவிட்டேன், பாதியில் முழித்துப் பார்த்துப் பயந்துபோனேன்.

திரும்பி ஒருக்களித்துப் படுங்கள், அவ்வளவுதான். இடது பக்கம் இன்னும் நல்லது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்குப் போகிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்? குழந்தைக்கு முன்கூட்டியே எதுவும் வாங்கக்கூடாது என்கிறார்கள். (கும்பகோணத்திலிருந்து திருச்சி)

வாங்காவிட்டால் பரவாயில்லை. பழைய பருத்தி வேட்டி இரண்டைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்தால் குழந்தைக்கு முதல் வாரத்துக்கு அது போதும். வளைகாப்பு அன்று பட்டுப்புடவையோடு மணிக்கணக்கில் மணையில் உட்கார வைத்துவிடுவார்கள், நடுவில் எழுந்து நடங்கள். சர்க்கரை இருந்தால் சித்ரான்னம் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

என் கவலை வேறு. வீடு மாறும்போது செக்கப்பும் மாத்திரையும் இரண்டு ஊருக்கும் நடுவில் விட்டுப்போகும். புகுந்த வீட்டு நர்ஸ் அம்மா வீட்டில் பார்ப்பார்கள் என்று நினைப்பார், அங்கே உள்ளவருக்கு நீங்கள் வந்ததே தெரியாது. கிளம்பும் முன் இங்கே சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்கே பதியுங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம், ரத்த வகைச் சீட்டு, ஊசி போட்ட தேதி, மீதி மாத்திரை ஒரே பையில் இருக்கட்டும். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் 12 இலக்கம், அதைக் கணவர் போனிலும் ஏற்றிவையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கு வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் ஆதாரில் பெயர் மாற்றியிருந்தால் பாஸ்புக்கிலும் அதே பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.