தன்னைத் தானே ரிப்பேர் பண்ணிக்கிட்டு குட்டியும் போடுற ரோபோ நிஜமாவே வந்துருச்சா?

தன்னை மாதிரியே இன்னொன்னைக் கட்டுற க்யூப் ரோபோ வீடியோ ஒன்னு சுத்துதே, அதைப் பாத்துட்டுத்தான் கேக்கறீங்கன்னு நெனைக்கறேன். 2005ல அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டில ஹாட் லிப்சன்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் செஞ்சது. ஒவ்வொரு க்யூபும் 10 செ.மீ., மூலைவாக்குல ரெண்டு பாதியா பிரிச்சிருக்கும், ஒரு பாதி மட்டும் திரும்பும், பக்கத்து க்யூபோட மின்காந்தத்துல ஒட்டிக்கும். நாலு க்யூப் அடுக்கு ஒன்னு ரெண்டரை நிமிசத்துல தன்னை மாதிரியே இன்னொரு அடுக்கைக் கட்டிரும். ஆனா புது க்யூபைக் கொண்டாந்து பக்கத்துல வைக்கறது மனுசன், உள்ள இருக்கற மோட்டார் சிப்பு எதையும் அது செய்யல. கடைல பரோட்டா வாங்கித் தட்டுல வெச்சுட்டு நானே சமைச்சேங்கற கதைதான். (அவங்க சாதனையக் கொறை சொல்லல, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.) 2025ல அமெரிக்காவுலயே கொலம்பியா யுனிவர்சிட்டில அதே லிப்சனோட லேப்ல இருந்து வந்த, குச்சி குச்சியா சேந்து உருவாகற ரோபோ, பழுதான குச்சியைக் கழட்டிட்டு வேற குச்சியை மாட்டிக்குது. அங்கயும் குச்சி செய்யறது மனுசன்தான்.

எனக்கு ஏன் சுருக்குன்னுச்சுன்னா, காலேஜ் மூணாவது வருசம் நானும் ரெண்டு பசங்களும் ரெப்ராப் 3டி பிரிண்டர் கட்டுனோம். இங்கிலாந்து பாத் யுனிவர்சிட்டில ஏட்ரியன் போயர் 2005ல ஆரம்பிச்சது, தன் பிளாஸ்டிக் பார்ட்ஸைத் தானே பிரிண்ட் அடிச்சுக்கும், 2008லயே தாய் மெஷின்ல அடிச்ச பார்ட்ஸ வெச்சு குட்டி மெஷின் ஓடிருச்சு. மோட்டார், ராடு, பேரிங், போர்டு எல்லாம் நாமதான் காசு குடுத்து வாங்கணும், அதை யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க மெஷின் ஓட ஆரம்பிச்சதும் வாய் சும்மா இருக்குமா, "இனிமே ஒடைஞ்சா அதுவே அடிச்சுக்கும்டா"ன்னு ஹாஸ்டல் பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

மூணே வாரம். ஃபிலமென்ட்டை, அதான் பிரிண்டர் உருக்கி அடிக்கற பிளாஸ்டிக் கம்பியை, அமுக்கிப் பிடிக்கற ஐட்லர்ங்கற பார்ட் பட்டுன்னு விரிசல் விட்ருச்சு. புது ஐட்லர் அடிக்க ஃபிலமென்ட் போகணும், ஃபிலமென்ட் போக ஐட்லர் வேணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்.

டிபார்ட்மெண்ட் லேப்ல லட்சக்கணக்குல வாங்குன பிரிண்டர் ஒன்னு இருந்துச்சு. ஒரு மணி நேரம் குடுங்க சார்னு கெஞ்சினேன். ஸ்டூடண்ட்ஸ் தொடக்கூடாதாம்! இன்ஸ்பெக்ஷன் வந்தா மட்டும் கவரை எடுப்பாங்க, போனதும் மூடிருவாங்க, ஆனா வருசா வருசம் லேப் ஃபீஸ் மட்டும் கரெக்டா புடுங்கிக்குவாங்க. இதைப் பத்தி தனியாவே எழுதலாம், விடுங்க.

கடைசில ஒடைஞ்ச ஐட்லருக்கு கேபிள் டை போட்டு இறுக்கி, பத்தாததுக்கு வெரலாலயும் அமுக்கிக்கிட்டு, நைட்டு முக்கா மணி நேரம் அசையாம ஒக்காந்து புதுசு ஒன்னை அடிச்சு எடுத்தேன். கோணலாத்தான் வந்துச்சு, ஆனா ஓடுச்சு. மெஷின் தன்னைத் தானே ரிப்பேர் பண்ணுச்சுன்னு நீங்க சொல்லிக்கலாம், ரெண்டு நாள் பேனா புடிக்க முடியாம இருந்த என் வெரலு ஒத்துக்காது. மறுநாளே ஸ்பேரா இன்னொரு ஐட்லர் அடிச்சு, நூல்ல கோத்து ஃப்ரேம்லயே தொங்கவிட்டுட்டேன்.