பைக் இன்சூரன்ஸை ரத்து செய்தால் கட்டிய பணம் முழுதாக ஏன் திரும்புவதில்லை?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பைக்கை விற்பவர்கள் பலர் வருத்தத்தோடு கேட்கும் கேள்வி இது. பிரீமியம் என்பது டெபாசிட் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் நஷ்டத்தைத் தாங்குவதற்கு நிறுவனம் வாங்கும் கூலி. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்குக் காவலுக்கு ஆள் வைக்கிறோம். திருடன் வரவில்லை என்பதற்காகச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? பாக்கி மாதங்களுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை மட்டும் கேட்கலாம்.

பாலிசியிலும் அப்படித்தான். ஓராண்டு வரையிலான பாலிசியில் கிளெயிம் எதுவும் வாங்கவில்லை என்றால், மிச்ச நாட்களுக்கான தொகையைக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்பது 2024 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. காரணம் சொல்லக்கூட வேண்டாம்.

ஆனால் தேர்ட் பார்ட்டி பாகம் வேறு. அது நம் வண்டியால் அடிபடும் அடுத்தவருக்கான பாதுகாப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறையே 2,000 ரூபாய் அபராதம். அதனால் வேறு பாலிசி இருப்பதற்கோ, ஆர்.சி. ரத்தானதற்கோ சான்று இல்லாமல் அதை நிறுத்த மாட்டார்கள். கெடுபிடியாகத் தெரியும், ஆனால் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், நோ கிளெயிம் போனஸ், அதாவது கிளெயிம் வாங்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டிக்கு அல்ல, உங்களுக்கு உரியது. விற்கும்போது அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், அடுத்த வண்டிக்கு உதவும்.

வண்டியை விற்றதும் பாலிசி தானாக ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.