50 மீட்டருக்கு எந்த பெல்லட் வாங்குவது?

கேள்வி: சார், லைசென்ஸ் தேவைப்படாத 0.177 அங்குல (4.5 மி.மீ.) பிசிபி ஏர் ரைஃபிள், அதாவது சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றால் சுடுவது, வைத்திருக்கிறேன். தோட்டத்தில் பெரிய மண்மேட்டுக்கு முன்னால் பேப்பர் டார்கெட் நட்டு 50 மீட்டரில் சுடுகிறேன். 10 மீட்டரில் ஒரே ஓட்டைக்குள் போகிற குண்டு, 50 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது. "மேட்ச் பெல்லட் சார், இதுக்கு மேல எதுவும் இல்ல" என்று கடைக்காரர் கொடுத்ததுதான். நல்லதாக ஒன்று சொல்லுங்கள், மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். – வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் அந்த "மொத்தமாக" என்பதைத் தள்ளிப்போடுங்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்ன மேட்ச் (போட்டி) பெல்லட் 10 மீட்டர் போட்டிக்குத்தான் பொருந்தும். அங்கே 10 புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. காகிதத்தில் ஓட்டை சுத்தமாக விழுந்தால்தான் புள்ளி கணக்கிட முடியும் என்பதால் தட்டைத் தலை குண்டு செய்கிறார்கள். அந்தத் தட்டைத் தலை காற்றை மோதிக்கொண்டே போவதால் வேகம் சீக்கிரம் செத்துவிடும், 25 மீட்டரைத் தாண்டினால் பல குண்டுகள் ஆட ஆரம்பித்துவிடும். டப்பாவைத் திறந்து பாருங்கள், தலை தட்டையாக இருந்தால் உங்கள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

நீங்கள் வாங்க வேண்டியது உருண்டைத் தலை. கூர்முனை, நடுவில் குழி, பிளாஸ்டிக் மூக்கு என்று டப்பாவில் படம் போட்டு விற்பதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம். தூரம் சுடுகிறவர்கள் பெரும்பாலும் உருண்டைத் தலையிலேயே நிற்கிறார்கள்.

அடுத்தது எடை. நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்குள்ளும் 20 ஜூல் ஆற்றலுக்குள்ளும் இருந்தால்தான் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஆக உங்கள் துப்பாக்கியின் எல்லை அந்த 20 ஜூல். அந்த ஆற்றலில் 8.44 கிரெய்ன், அதாவது 0.547 கிராம் குண்டு விநாடிக்குச் சுமார் 270 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 10.34 கிரெய்ன் என்றால் சுமார் 244, 13.43 கிரெய்ன் என்றால் 214தான். 7.33 கிரெய்ன் போட்டால் 290 வரை போகும், வேகம் கூடிவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் 350 மீட்டர் சுமார், அதை நெருங்க நெருங்க இந்த இடுப்பு ஒடுங்கிய குண்டுகள் நிலை தடுமாறும். 240-க்கும் 275-க்கும் நடுவே வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் போட்டி 8.44 கிரெய்னுக்கும் 10.65 கிரெய்னுக்கும் நடுவேதான். காற்று வீசும் இடமென்றால் நான் கனமானதன் பக்கம் சாய்வேன். மணிக்கு 10 கி.மீ. பக்கக் காற்று போதும், 50 மீட்டரில் குண்டை ஓர் உள்ளங்கை அகலம் தள்ளிவிடும். கனமான குண்டை அது கொஞ்சம் குறைவாகத்தான் தள்ளும்.

பெயர் கேட்டீர்கள். செக் நாட்டு ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44, அதே கம்பெனியின் எக்ஸாக்ட் ஹெவி 10.34, ஜெர்மனியின் எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் ட்ராஃபி 8.64, பராகுடா மேட்ச் 10.65. இந்த நான்கில் ஒவ்வொரு டப்பா, அவ்வளவுதான். நான்கு டப்பா வாங்கக் கை கடித்தால் நண்பர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், சோதனைக்கு ஆளுக்கு ஐம்பது அறுபது குண்டு போதும்.

எது சிறந்தது என்று நான் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதை முடிவு செய்வது உங்கள் பேரல், அதாவது துப்பாக்கிக் குழல். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் எண் உள்ள இரண்டு துப்பாக்கிகள்கூட வேறு வேறு குண்டைக் கேட்கும். ஜேஎஸ்பி 8.44-லேயே 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று தலை அளவு மாறி வருகிறது. நூற்றில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் சில பேரல் அதையும் கண்டுபிடித்துவிடும்.

சோதிக்கும்போது 50 மீட்டரிலேயே சோதியுங்கள். 25 மீட்டரில் 1 செ.மீ. குரூப் (குண்டுகள் விழுந்த வட்டத்தின் அகலம்) என்றால் 50-ல் 2 செ.மீ. வரும் என்று கணக்குப் போட்டு நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குண்டு போகப் போக முன்னோக்கிய வேகம் குறையும், சுழற்சி அந்த அளவுக்குக் குறையாது. தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்ன ஆட்டம் பின்னால் பெரிதாகி, குண்டு திருகிக்கொண்டே போகும். 25-ல் முதல் இடம் பிடித்த டப்பா 50-ல் கடைசியில் நிற்பது இதனால்தான்.

குண்டு மாற்றியதும் முதல் இருபது முப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பழைய ஈயப் பூச்சு போய்ப் புதியது படிய வேண்டும். அப்புறம் காற்று அடங்கிய விடியற்காலையில் மணல்மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்துப் பத்துப் பத்தாகச் சுடுங்கள். ஐந்து குண்டு குரூப் யாருக்கும் ஒருநாள் அழகாக விழும், பத்தில்தான் உண்மை தெரியும். பத்தும் 3 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தால் 20 ஜூல் துப்பாக்கிக்கு அது நல்ல குண்டு என்பேன்.

ஒன்று கவனியுங்கள். குண்டுகள் மேலும் கீழுமாக நீள வாக்கில் மட்டும் சிதறினால் பெல்லட்டைத் திட்டாதீர்கள், சிலிண்டர் அழுத்தத்தைப் பாருங்கள். வேகம் 5 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ 50 மீட்டரில் கிட்டத்தட்ட 1 செ.மீ. ஏறி இறங்கும்.

ஜெயித்த குண்டு எது என்று தெரிந்ததும் மொத்தமாக வாங்குங்கள், அதையும் அதே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், கேளுங்கள். டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளில் எண் இருக்கும், கடைக்காரருக்கு அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அச்சு மாறினால் பெயர் அதேதான், குண்டு வேறு. பழக்கமான பெயர்தானே என்று வேறு லாட்டில் பத்து டப்பா வாங்கினால் மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் ஏர் ரைஃபிளில் 100 கெஜம் சுடுவதை வீடியோவில் பார்க்கிறேன். அவர்கள் போடும் ஸ்லக்கை என் 0.177-ல் போடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: காசை வீணாக்க வேண்டாம். அரிசோனாவில் எக்ஸ்ட்ரீம் பெஞ்ச்ரெஸ்ட் (மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்துச் சுடும்) போட்டிக்கு வருகிறவர்கள் 0.22, 0.25, 0.30 என்று பெரிய குழலோடு, நம் 20 ஜூலைப் போலப் பல மடங்கு ஆற்றலோடு வருகிறார்கள். ஸ்லக் என்பது தோட்டா வடிவக் குண்டு. அதற்கு பெல்லட்டைப் போல இடுப்பும் இல்லை, பின்னால் பாவாடை போல அகன்ற ஸ்கர்ட்டும் இல்லை. நேராகப் போக வேகமும் அதற்கேற்ற பேரல் முறுக்கும் (குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகள்) வேண்டும், நம் துப்பாக்கியில் இரண்டும் கிடைப்பது அபூர்வம். ஃபீல்ட் டார்கெட் (வெட்டவெளியில் வெவ்வேறு தூரத்தில் வைத்த இலக்குகளைச் சுடும்) உலகப் போட்டியையே 16.27 ஜூலில், 50 மீட்டர் வரை, சாதாரண உருண்டைத் தலை பெல்லட்டில்தான் சுடுகிறார்கள். அதற்குள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கேள்வி: பெல்லட்டை எடை போட்டுப் பிரிக்க 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: அது பத்தாது. எடை பிரிப்பவர்கள் 0.1 கிரெய்ன் வித்தியாசத்தில் பிரிக்கிறார்கள், அது 6.5 மில்லிகிராம். உங்கள் தராசின் ஒரு படியே 10 மில்லிகிராம். வாங்குவதானால் 0.001 கிராம் காட்டுவதாக வாங்குங்கள். அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று: சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டின் மேல் ஒவ்வொரு குண்டாக உருட்டிவிடுங்கள். தலைக்கும் ஸ்கர்ட்டுக்கும் அளவு வேறு என்பதால் குண்டு வளைந்து உருளும். எல்லாம் ஏறக்குறைய ஒரே வளைவில் போகும், நெளிந்தது மட்டும் தத்தித் தத்திப் போகும். அதைப் பொறுக்கி எடுத்து 10 மீட்டர் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல லாட் என்றால் இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய டப்பா நசுங்கி வந்தது, உள்ளே நிறைய ஸ்கர்ட் வளைந்திருக்கிறது. "வெடிபொருள் மாதிரி சார், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். – வாசகர், தூத்துக்குடி

பதில்: ஈயத் துண்டு எப்படி வெடிபொருள் ஆகும்? 2020 மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. டப்பாவின் நான்கு பக்கமும், வளைந்த குண்டுகளை வரிசையாக வைத்தும் படம் எடுத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இறக்குமதி டப்பாவில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும், அது இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள்.

உங்கள் ஊர் கடற்கரை ஊர் என்பதால் ஒன்று கூடுதலாக. டப்பாவைப் புது மர அலமாரியில் வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். குண்டின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஊதித் துடைத்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம், அது ஈய நஞ்சு, அப்படியே ஒதுக்கிவிடுங்கள். குண்டைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ கிளாஸைத் தொட வேண்டும்.