இருபது வருஷம் நின்ற மின்வண்டி: கேளுங்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் 34 வருஷம் மின்பணியாளராக இருந்தேன். கை வைத்ததில் பாதிக்கு மேல் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) மோட்டார்கள்தாம். ஓய்வு பெற்றபின் 1970களில் வந்த ஹார்லி-டேவிட்சன் மூன்று சக்கர மின் கோல்ஃப் வண்டி ஒன்றை மூன்று வருஷம் உட்கார்ந்து சரிசெய்து ஓட வைத்தேன். மோட்டார்சைக்கிள் செய்கிற அதே ஹார்லிதான்; 1963 முதல் 1982 வரை கோல்ஃப் வண்டியும் அந்தப் பெயரில் வந்தது. அதைப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈசூனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, 36 வோல்ட் பழைய கோல்ஃப் வண்டி ஒன்று கிடைத்திருக்கிறது. இருபது வருஷம் கொட்டகையில் நின்றதாம். புது பேட்டரி போட்டு ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. இந்த ஒரு ஆசையால்தான் நல்ல மோட்டார்கள் பல வீணாகின்றன. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது. இருபது வருஷம் அந்த ஈரம் மோட்டாரின் காயிலை, அதாவது செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றியுள்ள பருத்தி நாடாவிலும் வார்னிஷ் விரிசலிலும் ஊறியிருக்கும். அதன்மேல் கார்பன் தூள் படிந்திருக்கும். ஈரமும் கார்பனும் சேர்ந்தால் மின்சாரம் போக வழி கிடைத்துவிடும். அப்படியே பேட்டரி கொடுத்தால், காய வைத்தாலே பிழைத்திருக்கக்கூடிய ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) ஒரு நிமிஷத்தில் கருகிவிடும்.

முதலில் மோட்டாரைக் கழற்றி வெளியே எடு. கழற்றுமுன் ஒவ்வொரு வயரையும் போட்டோ எடுத்து, துணி டேப்பில் எண் எழுதி ஒட்டு. ஒவ்வொரு பிரஷ்ஷும் (சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டை) எந்தக் கூட்டில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்றும் குறித்துக்கொள். ஆர்மேச்சரின் முனையில் செம்புப் பட்டைகளால் ஆன உருளைதான் கம்யூட்டேட்டர்; பிரஷ் அதன் வளைவுக்கேற்பத் தேய்ந்திருக்கும், இடம் மாறினால் மறுபடி படிய நாளாகும். தூளை மென்மையான தூரிகையாலும் வாக்குவம் கிளீனராலும் எடு. காற்றழுத்தத்தில் ஊதினால் கார்பன் இன்னும் உள்ளே போய் உட்காரும்.

அப்புறம் மெக்கர். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை, அதாவது மின்சாரம் கசியாமல் காக்கும் உறையைச் சோதிக்கும் கருவி அது. நான் வாங்கியது 80 வெள்ளிதான். காயிலுக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே குறைந்தது 1 மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) தடை காட்ட வேண்டும். என் வண்டியில் முதல் நாள் 0.2 காட்டியது. மரப்பெட்டி ஒன்றில் ஆர்மேச்சரை வைத்து, 100 வாட் குண்டு பல்பு இரண்டைப் போட்டு, மேலே சிறு ஓட்டை விட்டு, உள்ளே 60 முதல் 70 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பல்பு எதையும் தொடக்கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இங்கே நிறையப் பேர் பயந்துவிடுவார்கள்: சூடு ஏறும்போது அளவு முதலில் இன்னும் கீழே இறங்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதே. சூடு ஏறினால் இன்சுலேஷனின் தடை குறைவது இயல்பு. ஈரம் வெளியேற வெளியேறத்தான் மேலே வரும். எனக்கு இரண்டாம் நாள் வரை 0.1க்குப் பக்கத்திலேயே நின்றது. நான்காம் நாள் காலை 3 தாண்டியது. ஆறாம் நாள் 20. தினமும் ஒரே சூட்டில் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுது. ஏறுவது நின்று அப்படியே நிலைத்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் வார்னிஷ்.

அதே தம்பி: கம்யூட்டேட்டர் கறுப்பாக இருக்கிறது. எமரி தாள் போட்டுப் பளபளப்பாக்கவா?

எமரி கூடவே கூடாது. அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் ஷார்ட் ஆகும். நுண்ணிய கண்ணாடித் தாள் போதும். பளபளப்பும் தேவையில்லை. நன்றாக ஓடிய கம்யூட்டேட்டர் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும், அந்தப் படலம்தான் பிரஷ்ஷைக் காப்பாற்றுகிறது. கரிந்து குழி விழுந்த கறுப்பு வேறு, அந்தப் பழுப்பு வேறு. பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) செம்பைவிடத் தாழ்ந்து இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார். செம்பு தேய்ந்து மைக்கா துருத்திக்கொண்டிருந்தால் பிரஷ் குதிக்கும், பொறி பறக்கும். ஹாக்சா பிளேடைப் பக்கவாட்டில் தேய்த்து மெலிதாக்கி, அதால் மைக்காவை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீறி எடுக்கலாம். நிதானமான வேலை. எனக்கு மூன்று மாலைகள் ஆனது.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு நண்பர்: மோட்டாரை மேசைமேல் வைத்து முழு 36 வோல்ட்டும் கொடுத்துச் சோதிக்கலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது சீரிஸ் மோட்டார்: காந்தப்புலக் காயிலும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இணைந்திருக்கும், இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும். சுமை இருந்தால் இழுக்கும். சுமை இல்லாவிட்டால் வேகம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. வேகம் கூடக் கூட மின்னோட்டம் குறையும், அதோடு காந்தப்புலமும் குறையும், அதனால் வேகம் மேலும் கூடும். நான் பயிற்சியாளனாக இருந்தபோது வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் இயந்திரம்) மோட்டார் ஒன்றை இணைப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் ஓட்டினார். சத்தம் ஊளையிடுவதுபோல் ஏறியது. ஸ்விட்சை எட்டுவதற்குள் ஆர்மேச்சர் கம்பிகள் பிய்த்துக்கொண்டு கூட்டைக் கிழித்தன. பக்கத்தில் நின்றவரின் தோளில் இன்றும் தழும்பு இருக்கிறது.

மோட்டாரை வைஸில் இறுக்கிப் பிடித்து, 12 வோல்ட் மட்டும், சில நொடிகள் மட்டும் கொடுங்கள். வண்டியில் மாட்டிய பிறகும் பின் சக்கரங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். அதுவும் சுமையில்லாத ஓட்டம்தான்.

தெம்பனிஸிலிருந்து ஒருவர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் எங்கே செய்வது?

முழு வண்டியை வீட்டில் செய்ய முடியாது. தாழ்வாரத்தில் வைக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். தீ பிடித்தால் பக்கத்து வீட்டார் ஓடிவரும் வழி அது. நான் காக்கி புக்கிட்டில் ஒரு நண்பரின் பட்டறையில் ஒரு மூலையை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இருவர் மூவர் சேர்ந்து எடுத்தால் சுமை தெரியாது.

ஆனால் வேலையில் பாதியை வீட்டு மேசையிலேயே செய்யலாம். பிரஷ் கூடு, முன்-பின் திருப்பும் ஸ்விட்ச், விளக்கு, கைப்பிடி, இவையெல்லாம் ஷூ பெட்டியில் அடங்கும். என் வண்டியின் ஸ்விட்ச் முழுவதையும் வரவேற்பறையில் டிவி பார்த்துக்கொண்டே சுத்தம் செய்தேன். பேட்டரி மட்டும் வீட்டுக்கு வரக்கூடாது. லெட்-ஆசிட் (ஈயம்-அமில) பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

பிடோக்கிலிருந்து ஒரு அம்மா: பழைய வயர்களை மாற்றிவிட்டு வீட்டு எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றைப் பாதுகாப்புக்குப் போடலாம் என்கிறார் என் மகன். சரியா?

பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தது நல்லது. ஆனால் வீட்டு எம்சிபி ஏசிக்கு, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்துக்கு உரியது, அம்மா. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். அந்த நேரத்தில் பொறி தானே அணையும். பேட்டரி மின்சாரம் பூஜ்யத்தைத் தொடாது, பொறி அணையாமல் எரியும். டிசி என்று வோல்ட் அளவோடு குறித்த ஃபியூஸ் வாங்கி, பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போடச் சொல்லுங்கள். பழைய தடித்த வயர்களில் செம்பு பச்சை பிடித்திருந்தால் மாற்றலாம், ஆனால் பழையதைத் தூக்கிப் போடாமல் சுருட்டி வையுங்கள். எந்த நீளம், எந்த வழி என்று அதுதான் சொல்லும்.

ஜூரோங் வெஸ்ட்: பேட்டரித் தட்டில் ஆசிட் கொட்டித் துரு பிடித்திருக்கிறது.

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரை வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப. கண்ணாடியும் கையுறையும் அவசியம். பிறகு கழுவி, காயவைத்து, துருவைச் சுரண்டி, ஆசிட் தாங்கும் பெயின்ட். ஆசிட்டைச் சமன்செய்யாமல் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்பளிக்கும்.

பொங்கோலிலிருந்து ஒரு தம்பி: லித்தியம் போட்டுவிட்டால் எடையும் குறையும், தூரமும் கூடும். ஏன் இன்னும் லெட்-ஆசிட்டைக் கட்டி அழவேண்டும்?

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

36 வோல்ட் வண்டியில் ஆறு 6 வோல்ட் பேட்டரிகள். ஒன்று சுமார் 28 கிலோ, மொத்தம் 170 கிலோவுக்குப் பக்கம். எல்லாம் இருக்கைக்கு அடியில். மூன்று சக்கர வண்டி கவிழாமல் நிற்பதே அந்தப் பாரத்தால்தான். அதை எடுத்துவிட்டு 40 கிலோ லித்தியம் வைத்து, மேலே இரண்டு பேர் உட்கார்ந்தால் மொத்த எடையின் மையம் மேலே ஏறிவிடும். வளைவில் உள்பக்கச் சக்கரம் தூக்கும். வைத்தே ஆகவேண்டும் என்றால் குறைந்த எடைக்கு ஈடாக இரும்புத் தகடு போட்டு, மெதுவாகச் சோதித்துப் பார்.

அடுத்தது, பழைய சார்ஜரை லித்தியத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. 36 வோல்ட்டுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 12 வேண்டும்; ஒரு செல்லின் உச்சம் 3.65 வோல்ட், மொத்தம் 43.8. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்கு அந்த எல்லை தெரியாது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது சில நொடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் என்பதையும் கணக்கில் எடு. சிறிய பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) அந்த நேரத்தில் பட்டென்று துண்டித்துவிடும், மேட்டில் வண்டி நின்றுவிடும்.

நான் லெட்-ஆசிட்டிலேயே இருக்கிறேன். அந்த வண்டி அந்த எடையோடு, அந்த மெதுவான கிளம்பலோடு பிறந்தது. ஒன்று மட்டும் மாற்றினேன்: சார்ஜர் 25 டிகிரிக்கு அமைத்தது, நம் பட்டறை 32 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஒரு செல்லுக்கு 0.005 வோல்ட் குறைக்க வேண்டும் என்று கணக்கு. ஒரு செல் 2 வோல்ட் என்பதால் 36 வோல்ட்டுக்கு 18 செல்; ஏழு டிகிரிக்கு எல்லாம் சேர்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல். அதைக் குறைத்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையே கணிசமாகக் குறைந்தது.

ஹவ்காங்: அந்தக் காலத்து எடிசன் பேட்டரி பல பத்தாண்டு உழைத்ததாமே?

ஆமாம், நிக்கல்-அயர்ன். 1907 முதல் 1939 வரை வந்த டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்களில் அதை விரும்பியவர்கள் கேட்டுப் போட்டுக்கொள்ள முடிந்தது. செல்லுக்கு 1.2 வோல்ட்தான். உள்ளே ஆசிட் இல்லை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. லெட்-ஆசிட்டுக்குப் பயன்படுத்திய புனலோ, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரோ அதன் பக்கம் போகக்கூடாது. சொட்டு ஆசிட் போதும் அதைக் கெடுக்க.

செம்பவாங்கிலிருந்து ஒருவர்: சரிசெய்தபின் சாலையில் ஓட்டலாமா? சின்க்ளேர் சி5 என்ற பிரிட்டிஷ் மூன்று சக்கர மின்வண்டி வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன், அதில் பெடல் இருக்கிறதே.

வாங்கும் முன்பே இதைக் கேட்டீர்கள், மகிழ்ச்சி. கோல்ஃப் வண்டியைப் பதிவில்லாமல் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. தனியார் வளாகத்தில், உரிமையாளர் அனுமதியோடு மட்டும். கார்களுக்குக் கிளாசிக் வாகனத் திட்டம் இருக்கிறது: குறைந்தது 35 வயது, வருஷத்துக்கு 45 நாள். 1940க்கு முந்தையவற்றுக்கு விண்டேஜ் திட்டம் தனி. எந்த வண்டியாக இருந்தாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகு பணம் கொடுங்கள்.

சி5 எனக்குப் பிடித்த வண்டி. 1985 ஜனவரியில் 399 பவுண்டுக்கு வந்தது, அந்த வருஷமே உற்பத்தி நின்றது. 250 வாட் மோட்டார், 12 வோல்ட், மணிக்கு 15 மைல். உடல் பிளாஸ்டிக் என்பதால் துருப் பிரச்சினை குறைவு, இடமும் அதிகம் கேட்காது. முதல் முயற்சிக்கு நல்லது. ஆனால் பெடல் இருப்பதால் மின்சைக்கிள் ஆகிவிடாது. இங்கே மின்சைக்கிள் 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும், பெடல் மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும். சி5 பேட்டரி இல்லாமலே 30 கிலோ, பொத்தானை அழுத்தினாலே ஓடும்.

தோ பாயோவிலிருந்து உயர்நிலை ஒன்றில் படிக்கும் ஒரு மாணவி: அங்கிள், சிங்கப்பூரில் முன்பே மின்வண்டி ஓடியதா?

ஓடியது மா. 1905இலேயே மின்சார டிராம் வந்துவிட்டது. 1926இல் டிராலிபஸ் வந்தது, மேலே இரண்டு கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ரப்பர் டயரில் ஓடும் பஸ். அடுத்த வருஷம் டிராம் நின்றது. டிராலிபஸ் 1962 வரை ஓடியது. என் அப்பா அதில்தான் வேலைக்குப் போவார். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும் என்று சொல்வார். நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுக்கும் பலம் அதிகம் என்பதால் டிராம்களுக்குச் சீரிஸ் மோட்டார்தான் வழக்கம். என் கோல்ஃப் வண்டியில் இருப்பதும் அதே குடும்பம். பட்டறைக்கு அப்பா அம்மாவோடு வா, திறந்து காட்டுகிறேன்.

மறுபடி ஈசூன் தம்பி: அண்ணே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி அனுப்புவதற்கு முதல் நாளே கார் பேட்டரியால் 12 வோல்ட் கொடுத்துவிட்டேன். லேசாகத் திரும்பி, பொறி பறந்து, கருகல் வாசனை வந்ததும் எடுத்துவிட்டேன். போச்சா?

உடனே எடுத்தாய் அல்லவா, அது நல்லது. திரும்பியது என்றால் காயில் முழுக்க அறுந்துபோகவில்லை. வாசனை பிரஷ்ஷின்மேல் படிந்த அழுக்கு எரிந்ததாகவும் இருக்கலாம். இனி பேட்டரி பக்கம் போகாதே. மோட்டாரைக் கழற்றி, பிரஷ்களுக்கு எண் போட்டு, போர்வையில் சுற்றி சனிக்கிழமை காக்கி புக்கிட்டுக்குக் கொண்டு வா. வண்டி அமெரிக்க வண்டி, போல்ட்டெல்லாம் இஞ்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு முனையை மழுக்கிவிடாதே. அரை இஞ்ச்சும் 7/16உம் ஜாலான் புசார் இரும்புக் கடைகளில் தேடிப் பார். மெக்கர் என்னிடம் இருக்கிறது. காய வைக்கும் பெட்டியும் பல்பும் சும்மாதான் இருக்கின்றன.