ஏ எது, பி எது? பழைய பிசியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபிளாப்பி டிரைவ்

பழைய பிசி வைத்திருப்பவர்களின் கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: டிரைவ்களை மெஷினோடு இணைக்கும் சாம்பல் நிற ரிப்பன் கேபிளில் இருக்கும் அந்த முறுக்கு.

கேள்வி: அண்ணா, ஒரு 486 பிசி கிடைத்தது. 1.44 எம்பி டிரைவோடு 5¼ அங்குல 1.2 எம்பி டிரைவையும் மாட்டினேன். ஹார்டு டிஸ்க் மாதிரி மாஸ்டர், ஸ்லேவ் இருக்கும் என்று நினைத்து ஜம்பரை (டிரைவின் பின்களை இணைக்கும் சின்ன மூடி) மாற்றிவிட்டேன். இப்போது 5¼ டிரைவ் அசையவே இல்லை.

பதில்: ஜம்பரை இருந்த இடத்திலேயே போடுங்கள் தம்பி. பிசிக்கென்று வந்த டிரைவ்கள் எல்லாமே ‘நான் இரண்டாவது டிரைவ்’ என்ற ஜம்பரோடுதான் வரும். 3½ அங்குல டிரைவ் பலவற்றில் ஜம்பரே இருக்காது.

எல்லாரும் இரண்டாவது என்றால் முதலாவது யார்? அதைச் சொல்வதுதான் முறுக்கு. 34 கம்பிகளில் 10 முதல் 16 வரை உள்ள ஏழையும் தனியே பிரித்து, திருப்பிப் போட்டிருப்பார்கள். 12, 14 டிரைவைக் கூப்பிடும் கம்பிகள். 10, 16 மோட்டாரை ஓட்டும் கம்பிகள். திருப்பியதும் 12-க்குப் பதில் 14-ம், 16-க்குப் பதில் 10-ம் வந்து சேரும். அதனால் முறுக்கைத் தாண்டிக் கடைசியில் இருப்பது முதல் டிரைவான ஏ. நடுவில், முறுக்குக்கு முன்னால் இருப்பது பி. ஐபிஎம் செய்த இந்த வேலையால் மெஷினை மாட்டுகிறவர் ஜம்பர் பக்கமே போக வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கண்ணி உண்டு. ஜம்பர் இடங்களில் டிஎஸ் (டிரைவ் செலக்ட்) என்ற எழுத்தோடு எண் இருக்கும்: சில டிரைவ்களில் டிஎஸ்0 முதல் டிஎஸ்3 வரை, வேறு சிலவற்றில் டிஎஸ்1 முதல் டிஎஸ்4 வரை என்று அச்சிட்டிருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது இடம். அது டிரைவைப் பொறுத்து டிஎஸ்1 ஆகவோ டிஎஸ்2 ஆகவோ இருக்கும்.

கேள்வி: பவர் போட்டதும் டிரைவ் விளக்கு எரிகிறது, அணையவே மாட்டேன் என்கிறது.

பதில்: கேபிளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம் வர வேண்டும். பயப்படாதீர்கள், டிரைவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் உள்ளே டிஸ்க் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சார், என் கேபிளில் ஐந்து கனெக்டர் இருக்கிறது. அப்படியானால் நாலு டிரைவ் போடலாம்தானே?

பதில்: முடியாது. ஒன்று டிரைவ்களை இயக்கும் கன்ட்ரோலருக்குப் போகும். மீதி நாலும் இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று 5¼-க்கு, மற்றது 3½-க்கு. ஜோடிக்கு ஒன்றைத்தான் பயன்படுத்தலாம்.

கேள்வி: எனக்கு நிஜமாகவே நாலு வேண்டும்: 5¼-இல் 360 கேபி, 1.2 எம்பி; 3½-இல் 720 கேபி, 1.44 எம்பி.

பதில்: ஆசை புரிகிறது. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் ஃபிளாப்பி கார்டில் வெளி டிரைவ் இரண்டுக்காகப் பின்பக்கம் 37 பின் கனெக்டர் ஒன்று இருந்தது; உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. பின்னால் ஐபிஎம்மின் ஏடி மாடல் வந்தபோது அந்த வசதி போயிற்று. இன்று வேண்டுமானால் இரண்டாவது கன்ட்ரோலர் போட வேண்டும். முதலாவது 3எஃப்0 முகவரியில் இருக்கும், இரண்டாவதை 370-இல் வைப்பார்கள். மெஷினைத் தொடக்கி வைக்கும் நிரலான பயாஸ், சாதாரணமாக அதைக் கண்டுகொள்ளாது. சொந்த பயாஸ் உள்ள கார்டாகப் பாருங்கள். ஆர்வலர்கள் உருவாக்கிய மான்ஸ்டர் எஃப்டிசி என்ற ஐஎஸ்ஏ (பழைய பிசி ஸ்லாட்) கார்டு எட்டு டிரைவ் வரை தாங்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் நாலு எதற்கு? 1.44 டிரைவ் 720-ஐப் படிக்கும், எழுதவும் செய்யும். இரண்டிலும் டிராக் (டிஸ்க்கில் தகவல் பதியும் வட்டப் பாதை) அகலம் ஒன்றுதான். 1.2 டிரைவ் 360-ஐப் படிக்கும். எழுதுவதில்தான் சிக்கல். அது அடுத்த கேள்வி.

கேள்வி: 286-இல் உள்ள 1.2 டிரைவில் 360 கேபி டிஸ்க்கில் கோப்பு எழுதினேன். அங்கே நன்றாகத் திறக்கிறது. 360 டிரைவ் உள்ள பழைய எக்ஸ்டி பிசியில் போட்டால் பிழை.

பதில்: இது 1984-இல் 286 சிப்பும் 1.2 டிரைவுமாக ஏடி வந்த நாளிலிருந்து உள்ள தலைவலி. 360 டிரைவில் 40 டிராக், 1.2 டிரைவில் 80. அதனால் 1.2-இன் ஹெட் (படித்து எழுதும் முனை) ஒல்லியானது. அகலமான பழைய டிராக்கின் மேல் நடுவில் மெல்லிய கோடாக எழுதிவிட்டு, ஓரங்களில் பழையதை அப்படியே விட்டுவிடும். 286-இன் ஹெட் நடுவை மட்டும் பார்ப்பதால் அதற்குச் சிக்கல் இல்லை. எக்ஸ்டியின் அகலமான ஹெட்டோ புதியதையும் பழையதையும் சேர்த்துப் படித்துக் குழம்புகிறது.

இதுவரை ஃபார்மேட்டே செய்யாத டிஸ்க்கையோ, காந்தத்தால் முழுக்க அழித்த டிஸ்க்கையோ 1.2 டிரைவில் ஃபார்மேட் கட்டளையோடு /4 சேர்த்து ஃபார்மேட் செய்து எழுதினால் பெரும்பாலும் எக்ஸ்டி படித்துவிடும். நம்பகமான வழி, பி-யாக ஒரு நிஜமான 360 டிரைவை மாட்டி அதிலேயே எழுதுவது.

கேள்வி: அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். ஆனால் டிஸ்க்கை மாற்றினாலும் பழைய டிஸ்க்கின் பட்டியலே வருகிறது.

பதில்: உடனே எழுதுவதை நிறுத்துங்கள்! பழைய டிஸ்க்கின் கணக்கைப் புதிய டிஸ்க்கில் எழுதி நாசமாக்கிவிடும். டிஸ்க் மாறியதைச் சொல்வது 34-ஆம் கம்பி. 360 டிரைவ்களில் அந்தச் சமிக்ஞை கிடையாது. பயாஸில் பி-யை 1.2 என்று வைத்திருப்பீர்கள், அதனால் டாஸ் (பிசியின் இயங்குதளம்) அந்தக் கம்பியை நம்பிக் காத்திருக்கிறது. 360 என்று மாற்றுங்கள். இதே கோளாறு 1.2 டிரைவில் வந்தால், 34-ஆம் கம்பிக்கான ஜம்பர் ‘ரெடி’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்; அதை ‘டிஸ்க் சேஞ்ச்’ பக்கம் மாற்ற வேண்டும்.

கேள்வி: டெர்மினேட்டர் (கேபிள் முனையில் சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை) எந்த டிரைவில்?

பதில்: 5¼ டிரைவ் இரண்டு இருந்தால் கேபிளின் கடைசியில் உள்ளதில் மட்டும். 3½-இல் அது உள்ளேயே இருக்கும், தேட வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சரியாக மாட்டியும் நேற்றுவரை படித்த டிஸ்க்குகளை இன்று இரண்டு டிரைவும் படிக்கவில்லை.

பதில்: கடைசியாகப் போட்ட டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. ஒரு டிரைவில் படிக்கவில்லை என்று அடுத்ததிலும் போட்டிருப்பீர்கள். இரண்டு ஹெட்டும் அழுக்காகியிருக்கும். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று டிரைவை இப்படித்தான் வரிசையாகக் கெடுத்தேன். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். மேல் ஹெட்டைத் தூக்கிவிட வேண்டாம், அதைத் தாங்கும் தகடு மெல்லியது.