ஒரே மிதி, இரண்டு தீர்ப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று சீசனாக இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தை விடாமல் பார்த்து வருகிறேன். ஒரு சனிக்கிழமை ஒருவர் எதிராளியின் கணுக்காலில் மிதிக்கிறார். வி.ஏ.ஆர் (வீடியோ உதவி நடுவர்) கூப்பிடுகிறது, நடுவர் சிவப்பு அட்டை காட்டுகிறார். அடுத்த வாரம் ஏறக்குறைய அதே மிதி. மஞ்சளோடு போகிறது, வீடியோ அறை வாயே திறப்பதில்லை. இரண்டுமே சரி என்று வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள்! ஆனால் ஆஃப்சைடு (பாஸ் வரும் கணத்தில் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நிற்பது) என்று வந்துவிட்டால் கால் நகம் தாண்டியதற்குக்கூடக் கோல் போய்விடுகிறது. மனிதக் கண் தவறும் என்றுதானே கேமராவைக் கொண்டுவந்தார்கள்? பெரிய அணிகள் பக்கம் சாய்கிறது என்கிறார்கள் நண்பர்கள். நம் இந்தியக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல்லுக்கும் வி.ஏ.ஆர் வேண்டும் என்று வாதாடியவன் நான். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

க., நாகர்கோவில்

அன்புள்ள க.,

வர்ணனையாளர்கள் சொன்னது விதிப்படி சரிதான். சிக்கல் அந்த விதியிலேயே இருக்கிறது.

வீடியோ அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் “இது சிவப்பு அட்டையா?” என்று கேட்பதில்லை. “கள நடுவர் எடுத்த முடிவு அப்பட்டமான தவறா?” என்றுதான் கேட்கிறார்கள். 2016-ல் சோதனை தொடங்கி, 2018 மார்ச்சில் ஐ.எஃப்.ஏ.பி. என்னும் விதி வாரியம் இதை விதிப்புத்தகத்தில் சேர்த்தபோது வீடியோவுக்கு நாலே நாலு வாசல்தான் திறந்தது: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது. அந்த நாலிலும் தவறு பளிச்சென்று தெரிய வேண்டும், அல்லது நடுவர் பார்க்கவே தவறிய பெரிய சம்பவமாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீடியோ நடுவர் தன் கருத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்கள் சொன்ன மிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினால் ஆறு பேர் சிவப்பு, நாலு பேர் மஞ்சள் என்று பிரியக்கூடிய ரகம் என்று வைத்துக்கொள்வோம். களத்தில் சிவப்பு கொடுத்தால் அது அப்பட்டமான தவறு இல்லை. மஞ்சள் கொடுத்தாலும் இல்லை. ஆகவே எது முதலில் வந்ததோ அது நிற்கும். நம் ஆட்களுக்கு இது புதிதே இல்லை. கிரிக்கெட்டில் பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பில் படுவதாகக் காட்டினால் ‘அம்பயர்ஸ் கால்’. ஒரே பந்துக்கு ஒருவர் அவுட், இன்னொருவர் நாட் அவுட். அதை முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டோம், ஏனென்றால் திரையில் அளவு தெரிகிறது. கால்பந்தில் ‘அப்பட்டம்’ என்பதற்கு அளவுகோல் கிடையாது.

இன்னொன்று, அட்டை காட்டும்போது நடுவர் மைக்கில் என்ன சொல்கிறார் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. “பந்தைத்தான் முதலில் தொட்டான், பிறகுதான் கால் பட்டது” என்று அவர் சொல்லி, வீடியோவும் அதையே காட்டினால் தலையிட இடமில்லை. பந்தைத் தொடவே இல்லை என்று தெரிந்தால், அவர் பார்த்ததாகச் சொன்னதே தவறாகிவிடுகிறது, கூப்பிடலாம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு அந்தப் பேச்சு கேட்பதில்லை. ‘ஒரே மாதிரி’ இரண்டு மிதிகள் வெவ்வேறு முடிவுக்குப் போவதன் காரணம் பாதி நேரம் அந்தப் பேச்சில்தான் இருக்கும்.

பிறகு ஸ்லோமோஷன். எங்கே கால் பட்டது, பந்து கையில் பட்டதா என்பன போன்ற சங்கதிகளுக்கு மட்டும் மெதுவான ரீப்ளே, வேகத்தையும் முரட்டுத்தனத்தையும் எடைபோட இயல்பு வேகம் என்று நெறிமுறையே சொல்கிறது. காரணம் எளிது. மெதுவாக ஓட்டினால் ஆட்டக்காரனுக்கு யோசிக்க நேரம் இருந்ததுபோலத் தோன்றிவிடும். நிறுத்தி வைத்த படமோ இன்னும் மோசம். பந்தின் மேலிருந்து வழுக்கி இறங்கிய காலும், வேண்டுமென்றே இறக்கிய காலும் நிறுத்திய படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டத்தில் லிவர்பூலின் கர்ட்டிஸ் ஜோன்ஸ், யீவ் பிசூமாவின் கணுக்காலில் மிதித்ததற்கு நடுவர் முதலில் காட்டியது மஞ்சள். மைதான ஓரத்து மானிட்டரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அங்கே அவருக்கு முதலில் காத்திருந்தது அப்படி உறைந்து நின்ற ஒரு படம். திரும்பி வந்து சிவப்பு காட்டினார். லிவர்பூலின் முறையீடும் நிற்கவில்லை. முடிவு சரியா தவறா என்பதில் வாதம் உண்டு, அதை விடுங்கள். படங்களை எந்த வரிசையில் காட்டுகிறார்கள் என்பதே தீர்ப்பை நகர்த்தும். முதலில் இயல்பு வேகத்தில் முழு ஓட்டம், பிறகு மெதுவாக, தேவைப்பட்டால் மட்டும் நிறுத்திய படம் என்று வரிசையைக் கட்டாயமாக்கினால் செலவில்லாமல் பாதி முரண்பாடு குறையும் என்பது என் எண்ணம்.

‘அப்பட்டம்’ என்பது எவ்வளவு நெகிழும் என்பதற்கு 2018 உலகக் கோப்பை இறுதியாட்டம் போதும். 1–1 என்று நிற்கையில் கார்னரில் வந்த பந்து குரோஷியாவின் பெரிசிச் கையில் பட்டது. நடுவர் பித்தானா மானிட்டரைப் பார்த்தார், நகர்ந்தார், மறுபடி திரும்பிப் போய்ப் பார்த்தார், பெனால்டி கொடுத்தார். இரண்டாவது முறை பார்க்க வேண்டியிருந்தால் அது அப்பட்டமா?

ஆஃப்சைடுக்கு வருவோம். அங்கே ‘அப்பட்டம்’ என்ற வடிகட்டி கிடையாது. தாண்டினால் தாண்டியதுதான். அப்படியானால் சீரானது என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் கோளாறு தெரியும்.

ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே 20 மில்லி நொடி இடைவெளி. தாக்குபவர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் கோலை நோக்கி ஓடுகிறார், கடைசித் தடுப்பாட்டக்காரர் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் ஏறி வருகிறார் என்றால், அந்த 20 மில்லி நொடியில் இருவருக்கும் இடையிலான தூரம் 24 சென்டிமீட்டர் மாறிவிடும். பாஸ் கொடுப்பவரின் கால் பந்தை முதலில் தொட்ட கணத்தில்தான் கோடு போட வேண்டும். அந்தக் கணம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்திருந்தால் ஆபரேட்டர் முந்தையதையோ அடுத்ததையோ எடுத்தாக வேண்டும். ஒரு படம் தள்ளினால் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரம் புரளும். அதற்கு மேல், உடம்பின் எந்தப் புள்ளியிலிருந்து கோட்டை இறக்குவது என்ற கேள்வி. கை கணக்கில் இல்லை, அக்குளின் அடிமட்டம்தான் எல்லை. குலுங்கும் சட்டையின் மேல் அந்த எல்லையைக் குறிப்பது மனிதர் கை. இத்தனைக்கும் பிறகு திரையில் மெல்லிய கோடு போட்டு ‘2 சென்டிமீட்டர் ஆஃப்சைடு’ என்பது, அரிசி மூட்டை எடைபோடும் தராசில் தங்கம் நிறுப்பது. பிரீமியர் லீக் 2021–22 சீசனில் கோட்டைத் தடிமனாக்கியது இதனால்தான்.

2022-ல் கத்தார் உலகக் கோப்பையில் வந்த அரைத் தானியங்கி முறை இதில் பெரும்பகுதியைத் தீர்த்தது. மைதானக் கூரையடியில் 12 கேமரா, ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளி வரை, நொடிக்கு 50 முறை. பந்துக்குள் இருக்கும் சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்புகிறது. உதைத்த கணம் 2 மில்லி நொடிக்குள் தெரிந்துவிடுவதால் மேலே சொன்ன 24 சென்டிமீட்டர் சுமார் இரண்டரைக்கு இறங்குகிறது. ஆனால் உடம்பின் புள்ளிகள் இன்னும் நொடிக்கு 50-தான், நடுவில் உள்ளதைக் கணினி கணித்து நிரப்புகிறது. யூரோ 2024-ல் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் ஆண்டர்சன் போட்ட கோல், அவர் அணித் தோழர் டெலேனியின் கால் விரல் நுனியால் போனது. சில நிமிடங்களில் அதே ஆண்டர்சன் கையில் பந்து உரசியதைப் பந்தின் சென்சார் இதயத் துடிப்பு வரைபடம்போலக் காட்டிக்கொடுக்க, ஜெர்மனிக்குப் பெனால்டியும் கிடைத்தது. இயந்திரம் இரண்டு முறையும் தன் வேலையைச் செய்தது. உரசியது என்று சென்சார் சொல்லும். அந்த உரசலுக்குப் பெனால்டி நியாயமா என்பதை அது சொல்லாது.

பிரீமியர் லீக் 2025 ஏப்ரலில் இந்த வகை முறைக்கு மாறியபோதும் தாக்குபவருக்குத் தரும் 5 சென்டிமீட்டர் சலுகையை வைத்துக்கொண்டது. ஐரோப்பிய நாடுகளின் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே ஒரே அணி, ஒரே ஓட்டம், சனிக்கிழமை கோல், புதன்கிழமை ஆஃப்சைடு. உங்கள் கடிதத்தில் இது வராதது எனக்கு ஆச்சரியம்.

ஜோன்ஸ் வெளியேறிய அதே டாட்டன்ஹாம் ஆட்டத்தில்தான் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலும் போனது. அதில் கேமரா, கோடு, அளவு எதிலும் பிழையில்லை. டியாஸ் ஆன்சைடு என்று வீடியோ நடுவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், உண்மையில் அங்கே கொடி உயர்ந்திருந்தது. “செக் கம்ப்ளீட்” என்றார். கள நடுவர் அதை ஆஃப்சைடு உறுதி என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் ரீப்ளே ஆபரேட்டருக்கு உறைத்தது. ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் இத்தகைய முடிவுக்குத் திரும்ப வழியில்லை. லிவர்பூல் 2–1 என்று தோற்றது. நம் ரயில்வேயில், சிக்னலோடு பிணைக்காத கேட்டை மூடியதும் கேட்கீப்பர் ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார், ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொண்ட பிறகே சிக்னல் விழும். ‘மூடியாச்சு’ என்ற சொல்லை மட்டும் நம்பி வண்டி ஓட்டுவதில்லை. இத்தனை கோடி ரூபாய் ஏற்பாட்டில் அந்த ஒரு வரி சரிபார்ப்பு அன்று இல்லை. முடிவை முதலில் அறைக்குள் உதவியாளரோடு சரிபார்த்துவிட்டுத்தான் களத்துக்குச் சொல்ல வேண்டும் என்று பிறகு திருத்தினார்கள்.

பெரிய அணிகள் பக்கம் சாய்வதாக உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு, நினைவில் தங்கிய நாலு சம்பவங்கள் சான்றாகாது. நிஜமான ஏற்றத்தாழ்வு வேறிடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் பெரிய அணிகளோடு சின்ன அணிகளும் ஆடும் எஃப்.ஏ. கோப்பையில் சில ஆண்டுகள் பிரீமியர் லீக் மைதானங்களில் நடந்த ஆட்டங்களுக்கு மட்டும் வி.ஏ.ஆர் இருந்தது, அதே சுற்றில் சிறிய மைதானங்களுக்கு இல்லை. 2024–25-ல்தான் ஐந்தாம் சுற்றுக்கு முன்னால் யாருக்கும் இல்லை என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். அது சின்ன விஷயமாகப் பட்டாலும், சமமின்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஐ.எஸ்.எல் பற்றி. 2023 மார்ச்சில் பெங்களூருவில் அந்த ஊர் அணியின் சேத்ரி வேகமாக எடுத்த ஃப்ரீகிக் கோலாகி, கேரளா பிளாஸ்டர்ஸ் களத்தை விட்டு வெளியேறியதே, அதை நினைத்துத்தான் பலரும் வி.ஏ.ஆர் கேட்கிறார்கள். உதைக்க நடுவர் அனுமதித்தாரா இல்லையா என்பது அங்கே சண்டை. நடுவரே கோல் என்று நிற்கும்போது எந்தக் கேமராவும் அதை மாற்றியிருக்குமென்று நான் நம்பவில்லை. நம்முடைய கேமரா எண்ணிக்கைக்குப் பொருத்தமானது, ஃபிஃபா 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் சோதித்த ‘ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்’. தனி வீடியோ நடுவர் கிடையாது. ரீப்ளே ஓட்ட ஓர் ஆபரேட்டர், கோட்டருகே ஒரு மானிட்டர். பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி நாலாவது நடுவரிடம் கோர வேண்டும், கள நடுவரே போய்ப் பார்த்து முடிவெடுப்பார். ஓர் அணிக்கு இரண்டு கோரிக்கை, முடிவு மாறினால் கோரிக்கை மிச்சம். கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ் முறையீட்டைப் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்கு விளக்கவே தேவையிருக்காது. பாக்ஸுக்குள் உதை, பந்து இல்லாத இடத்தில் நடந்த அடிதடி இதிலெல்லாம் உதவும். ஆஃப்சைடில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கோட்டுக்கு நேராக ஒரு கேமரா நிற்காவிட்டால் அரை மீட்டர் ஆஃப்சைடைக்கூட அந்த மானிட்டரில் உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்புடன்.