வீட்டு வரி நோட்டீஸை எதிர்ப்பதற்கு முன் முத்திரையைப் பாருங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தந்தையார் கட்டிய ஓட்டு வீட்டுக்கு வந்த நோட்டீஸில் பரப்பளவு 142 சதுர மீட்டர் என்று இருக்கிறது. அவர் டேப் பிடித்து அளந்தபோது 1,200 சதுர அடிதான் வந்தது. பக்கவாட்டுச் சாய்ப்பை இடித்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. யாரிடம் முறையிடுவது என்பது அவருடைய கேள்வி.

நோட்டீஸை அனுப்பியது யார் என்பதைப் பொறுத்தே பதில் அமையும். நம் பக்கத்தில் ‘வீட்டு வரி’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு வரிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, பஞ்சாயத்து ஆண்டுதோறும் வாங்கும் வஸ்து வரி, அதாவது சொத்து வரி. மற்றொன்று, 1975-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வரிச் சட்டப்படி, கட்டி முடித்த வீட்டுக்கு ஒரே ஒரு முறை தாசில்தார் விதிப்பது. இரண்டாவதை எதிர்க்க வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) போக வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்தில் அதற்காகக் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

உங்கள் நோட்டீஸ் பஞ்சாயத்துச் செயலாளருடையது என்றால், முதலில் அவரிடமே வரிப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வஸ்து வரி பரப்பளவை அடிப்படையாகக் கொண்டது. கட்டடத்தின் பயன்பாடு, வீட்டுக்கு வரும் வழியின் அகலம், கட்டடத்தின் வயது ஆகியவையும் கணக்கில் வரும். 1,200 சதுர அடி என்பது ஏறத்தாழ 111.5 சதுர மீட்டர். ஆனால் நீங்கள் அறைக்குள் அளந்தீர்களா, சுவரின் வெளிப்புறத்தை அளந்தீர்களா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய தடித்த சுவர்களில் இந்த ஒரு வித்தியாசமே கணிசமான பரப்பைத் தின்றுவிடும். மீதி வித்தியாசம் இடித்த சாய்ப்பினுடையது என்றே தோன்றுகிறது. அப்படியானால் இடித்ததைத் தெரிவித்து, நேரில் வந்து மறு அளவு எடுக்கக் கோரும் மனு ஒன்றே போதுமானதாக இருக்கலாம். 2023 ஏப்ரல் முதல் வரி ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுகிறது. அந்த உயர்வை மனுவில் சேர்த்தால் வலுவான பரப்பளவு வாதம் நீர்த்துப்போகும்.

செயலாளரின் முடிவு திருப்தி தராவிட்டால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் பஞ்சாயத்தின் நிதி நிலைக்குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே திருவனந்தபுரத்தில் உள்ள உள்ளாட்சி அமைப்புகளுக்கான தீர்ப்பாயம் இருக்கிறது. இதற்கிடையில் வரியைக் கட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள். ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டி, ரசீதின் நகலை மனுவோடு இணையுங்கள். பாக்கிக்காரர் என்ற பெயரோடு குழுவின் முன் நிற்பது நல்லதல்ல.

மனுவைத் தமிழில் எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மாநில அரசின் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் பெற 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. பஞ்சாயத்துக்கு எழுதும்போது மலையாளப் படி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டிலும் தேதியிட்ட பெறுகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.